அலமாரியை விட்டு வெளியே வந்த ஆய்வேடுகள்

முன்பெல்லாம் ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டைப் படிக்க, பெரும்பாலும் அந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்கே போகவேண்டும். அனுமதி வாங்கி, அங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுக்கவேண்டும். அரசுப் பணத்தில் நடந்த ஆய்வு அலமாரியில் தூங்கினால் யாருக்கு லாபம்?

1991-ல் பல்கலைக்கழக மானியக்குழு, நூலகங்களை இணைக்க இன்ஃப்ளிப்நெட் திட்டத்தைத் தொடங்கியது. 2009-ல் ஆய்வேட்டின் மின்பிரதியையும் தரவேண்டும் என்று விதி செய்தது. அவற்றைச் சேர்த்துவைக்கும் இடம்தான் 'சோத்கங்கா'. படிக்கக் காசு கிடையாது.

அகரத்துக்காரருக்கும் டெல்லிக்காரருக்கும் இப்போது ஒரே அலமாரி!

ஒரு யோசனை: நீளமான தலைப்பு வேண்டாம். 'திண்டுக்கல், பூட்டு' என்பதுபோல ஊரையும் தொழிலையும் ஆங்கிலத்தில் அடித்துத் தேடுங்கள். கிடைத்த ஆய்வேட்டின் கடைசியில் இருக்கும் நூற்பட்டியலையும் பாருங்கள். அடுத்து எந்தக் கட்டுரைகளைத் தேடலாம் என்று அது சொல்லும்.