எட்டு விநாடிக்கு முந்தைய நான்

1970இல் அமெரிக்கக் கலைஞர் புரூஸ் நவ்மன் ஒரு நடைபாதை கட்டினார். அகலம் சுமார் 50 சென்டிமீட்டர். நீளம் 10 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கோடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு டிவிப் பெட்டிகள். ஒன்றில் காலி நடைபாதையின் பழைய பதிவு ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொன்று நேரலை. அதற்கான கேமரா நுழைவாயிலுக்கு மேலே, உங்கள் முதுகுக்குப் பின்னால். திரையை நெருங்க நெருங்க உங்கள் உருவம் சிறுத்துக்கொண்டே போகும். முகம் தெரியவே தெரியாது. மற்ற திரையோ இங்கே யாருமே இல்லை என்று சாதிக்கும்.

சினிமாச் சுருளைக் கழுவிப் பிரிண்ட் போட்டால்தான் படம். வீடியோவில் அந்தக் காத்திருப்பு கிடையாது. பிடிக்கும்போதே திரையில் தெரியும். இந்த 'உடனே'யைத்தான் கலைஞர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1974இல் டான் கிரஹாம் ஓர் அறையின் சுவர்களில் கண்ணாடி பதித்தார். கண்ணாடி இப்போதைய உங்களைக் காட்டும். டிவி 8 விநாடிக்கு முந்தைய உங்களைக் காட்டும். கண்ணாடியில் தெரியும் டிவியையும் கேமரா பிடிப்பதால், திரைக்குள் திரையாக 16, 24 விநாடி பழைய நீங்களும் நிற்பீர்கள். இதில் எது நான்?

மென்பொருள் எழுதும் எங்களுக்கு இது லேட்டன்சி சமாச்சாரம். பட்டனை அழுத்தியதும் பதில் வரணும். கொஞ்சம் தாமதித்தாலும் ஆள் திரும்பத் திரும்ப அழுத்துவார். தாமதத்தை மறைப்பது எங்கள் பிழைப்பு. கிரஹாம் அதை நடுக்கூடத்தில் வைத்துக் காட்டினார்.

தாமதமே தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் காட்டியவர் மைரன் க்ரூகர், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வாளர். 1970இல் 'மெட்டாப்ளே' என்ற காட்சிக்கான ஏற்பாடு நடந்தபோது, கணினி ஓரிடத்தில், காலரி வேறிடத்தில். கோளாறு ஒன்றைப் பிடிக்க, இரு முனையில் இருந்தவர்களும் வீடியோவில் ஒன்றாகக் கலந்த ஒரே படத்தின்மேல் விரலால் சுட்டிப் பேசிக்கொண்டார்கள். க்ரூகருடைய கையின் பிம்பம் மற்றவர் கையின் பிம்பத்தின்மேல் பட்டது. அவர் கையை நகர்த்திக்கொண்டார். அட, யாரும் தொடவே இல்லையே! வெளிச்சத்தின்மேல் வெளிச்சம் விழுந்தது, அவ்வளவுதான். பின்னாளில் அவர் உருவாக்கிய 'வீடியோபிளேஸ்' இந்த அனுபவத்தின் நீட்சி. அதில் 'கிரிட்டர்' என்றொரு குட்டிக் கணினி உயிர், திரையில் தெரியும் உங்கள் நிழலுருவின்மேல் ஏறி உச்சந்தலையில் ஆட்டம் போடும். இதையெல்லாம் க்ரூகர் 'செயற்கை யதார்த்தம்' என்றார்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று புரிகிறது. படம் எவ்வளவு தத்ரூபம் என்பதை உடல் பெரிதாக மதிப்பதில்லை; தன் அசைவுக்குப் பதில் வருகிறதா என்றுதான் பார்க்கிறது. கிரிட்டர் வெறும் கோட்டுருவம், ஆனாலும் அதனோடு விளையாடத் தோன்றும். நவ்மனின் நேரலை அச்சு அசல் நாம்தான், ஆனாலும் அந்நியமாக இருக்கும்.

இன்றைய செல்ஃபி ஃபில்டர் இதே கதவு வழியாகத்தான் நுழைகிறது. நிறம் வெளுத்து, மூக்கு மெலிந்த முகம் ஒன்று நாம் சிரித்தால் சிரிக்கிறது, கண்ணடித்தால் கண்ணடிக்கிறது. கச்சிதமாகப் பதில் சொல்வதால் அதை நம் முகமாக ஏற்றுக்கொள்கிறோம். அப்புறம் குளியலறைக் கண்ணாடிதான் பொய் சொல்வதுபோலத் தோன்றுகிறது.

நவ்மன் கேமராவை ஒளித்துவைக்கவில்லை. நம்மைச் சிறிதாக்குவது எது என்று தலையைத் திருப்பினால் தெரிந்துவிடும். ஃபோனில் கேமரா கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் முகத்தை மாற்றும் கணக்கு உள்ளே ஓடுகிறது. அதைப் பார்க்க எந்தப் பக்கம் திரும்புவது?