முறுக்கு, ஈயம், ஒரு ‘டக்’

தந்திக் கம்பியின் இணைப்பு கொஞ்சம் மோசமாக இருந்தாலும் சேதி போய்ச் சேர்ந்துவிடும். அதில் போவது மின்சாரம் வருவதும் நிற்பதும் மட்டுமே. தொலைபேசியில் போவது குரல். இரண்டு கம்பிகள் சேரும் இடத்தில் காற்றும் ஈரமும் புகுந்து களிம்பு ஏறினால், மறுமுனையில் இருப்பவருக்குக் கரகரவென்ற இரைச்சல்தான் கேட்கும். லைன்மேன்களின் பையில் தலைமுறைதோறும் மாறிய கருவிகள் பெரும்பாலும் இந்தக் களிம்போடு போராடியவைதான்.

முதலில் இருந்தது குறடு. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய மத்தியாஸ் கிளைன் 1857இல் சிகாகோவில் பட்டறை வைத்திருந்தார். தந்தி லைன்மேன் ஒருவர் ஒரு பாதி உடைந்த குறட்டோடு வந்தார். அந்தப் பாதியைக் கிளைன் புதிதாக அடித்துக் கொடுத்தார். பின்னர் மறுபாதியும் உடைய, அதையும் செய்து கொடுத்தார். கிளைன் நிறுவனம் தன் தொடக்கத்தை இப்படித்தான் சொல்கிறது. அந்தக் குறட்டால் போடப்பட்ட முக்கியமான முறுக்குக்குத் தந்தி நிறுவனம் ஒன்றின் பெயரால் ‘வெஸ்டர்ன் யூனியன் ஜாயிண்ட்’ என்று பெயர். ஒரு கம்பியின் நுனி மற்றதன் மேல் நெருக்கமாகச் சுற்றப்படும். கம்பியை இழுக்க இழுக்கப் பிடி இறுகும். நம் ஐடிஐ எலக்ட்ரீஷியன் மாணவர்கள் இன்றும் இதைச் செய்முறைப் பாடத்தில் பழகுகிறார்கள்.

இந்தியாவில் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றிலும் 1882இல் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. கம்பங்களில் ஓடிய கம்பிகள் பெருகப் பெருக, நகரங்களில் அவை மண்ணுக்கடியில் போக வேண்டியதாயிற்று. செம்புக் கம்பிக்குக் காகிதச் சுற்று, எல்லாவற்றுக்கும் மேல் ஈய உறை என்று கேபிள் மாறியது. வேலையும் அதோடு மாறியது.

பள்ளத்துக்குள் உட்கார்ந்து கேபிளை இணைக்கும் ஜாயிண்டர் முதலில் ஒரு கம்பியில் சிறு காகிதக் குழாயைச் செருகுவார். பிறகு இரு நுனிகளையும் முறுக்கி, குழாயை முறுக்கின் மேல் நகர்த்தி மூடுவார். நூற்றுக்கணக்கான ஜோடிகளுக்கும் இதே வேலை. காகிதத்தில் ஈரம் இருந்தால் கேபிளே பாழ் என்பதால், கொதிக்கும் மெழுகை ஊற்றி அதை விரட்டுவார். கடைசியாக ஈயக் குழாயால் மூடி, உருகிய பற்றாசைக் கரண்டியால் ஊற்றி, தடித்த துணியால் வழித்து வழவழப்பாக்குவார். பற்றாசு கூழ்ப் பதத்தில் இருக்கும் சில நிமிடங்களுக்குள் கை வேலையை முடிக்க வேண்டும். இந்தத் தொழிலில் கருவியைவிடக் கைப்பழக்கம் பெரிதாக இருந்த காலம் அது.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகம், தொலைபேசி நிலையக் கருவிகளில் கம்பிகளைப் பற்றவைப்பதையே விட்டொழிக்க ஒரு வழி கண்டது. கூரான மூலைகள் கொண்ட சிறு சதுர முளையின் மேல் செம்புக் கம்பியை இறுகச் சில சுற்றுகள் சுற்றினால், மூலைகள் செம்பைக் கடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் காற்றுக்கும் வழியில்லை. ‘வயர் ராப்’ எனப்படும் இந்த வேலைக்குத் துப்பாக்கி வடிவக் கருவி வந்தது. பற்றாசும் இல்லை, புகையும் இல்லை. ஆனாலும் கம்பியின் மேலுறையைச் சீவும் வேலை பாக்கி இருந்தது.

அதையும் ஒழித்தது அழுத்தும் முறை. 1960களில் அமெரிக்காவில் ‘66 பிளாக்’ என்ற இணைப்புப் பலகை பரவியது. 1970களில் ஜெர்மனியின் கிரோன் நிறுவனம் தன் இணைப்பு மாட்யூலைக் கொண்டுவந்தது. அதன் வெள்ளி பூசிய இரு தகடுகள் கம்பிக்கு 45 பாகைச் சாய்வில் நிற்கும். கம்பியை மேலே வைத்துக் கிரோன் டூலால் அழுத்தினால் ‘டக்’ என்ற சத்தம். அதற்குள் தகடுகள் மேலுறையைக் கிழித்துச் செம்பைப் பிடித்துவிடும், மிஞ்சிய நுனியும் வெட்டுப்பட்டு விழுந்துவிடும். புதிதாக வேலைக்கு வந்தவரும் சில நாளில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை இது.

பிறகு கண்ணாடி இழை வந்தது. அதில் நுனிகளை மின்வில்லால் உருக்கி ஒட்டும் இயந்திரத்துக்கே வேலை. தொலைபேசிக் கேபிள் தயாரித்துவந்த பொதுத்துறை நிறுவனமான ஹிந்துஸ்தான் கேபிள்ஸை மூட மத்திய அமைச்சரவை 2016இல் ஒப்புதல் தந்தது. ஆனால் கிரோன் டூலுக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. அலுவலகச் சுவர்களில் இணையக் கம்பிகளைச் சாக்கெட்டில் பொருத்துபவர்களின் பையில் இப்போதும் இருப்பது அதுதான்.