களர் நிலத்து நெல்லும் அதன் உரமும்

கோடையில் உப்புப் பூத்து வெளுப்பது உவர் நிலம். மழை பெய்தால் தண்ணீர் கீழே இறங்காமல் கலங்கி நிற்பது களர் நிலம். உவரின் உப்பு கரையக்கூடியது. நல்ல தண்ணீர் பாய்ச்சி வடித்தால் பெரும்பகுதி போய்விடும். களரில் சோடியம் மண்துகளோடு ஒட்டியிருக்கும். காரத்தன்மை மிகுந்து, துத்தநாகமும் இரும்பும் மண்ணில் இருந்தும் பயிருக்கு எட்டாமல் போகும்.

விருதுநகர் மாவட்டத்தின் கண்மாய்ப் பாசனச் சீமையில், மூட்டை உரம் வருவதற்கு முன், வற்றிய கண்மாயின் கரம்பை வண்டி வண்டியாக வயலுக்குப் போனது. கீதாரிகள் அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை அமர்த்தினார்கள். நடவுக்கு முன் கொளுஞ்சி, ஆவாரை, எருக்குத் தழைகளைச் சேற்றில் மிதித்தார்கள். தழை மட்கும்போது உண்டாகும் அமிலங்களும் கரியமில வாயுவும் மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்கும். விடுபடும் கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடிக்கும். வேதியியல் பின்னாளில் விளக்கியதை உழவர்கள் பயிரின் நிறம் பார்த்தே அறிந்திருந்தார்கள். களர்பாலை, குழியடிச்சான் போன்ற நெல்வகைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்ததும் அவர்களே.

நட்ட சில வாரங்களில் இலைகளில் துருநிறப் புள்ளி விழுந்து பயிர் குன்றுவதை நோய் என்றே பலரும் நினைத்தார்கள். அது துத்தநாகக் குறை என்பதை 1966-இல் பந்த்நகரில் வேளாண் அறிவியலாளர் ஒய். எல். நெனே கண்டறிந்தார். உப்பு நிலத்து நெல்லின் வரலாற்றில் இது ஒரு பெரிய திருப்பம். தமிழ்நாட்டில் எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடுவது வழக்கமானது. களர், உவர் நிலங்களுக்கு 37.5 கிலோ பரிந்துரைக்கப்பட்டது. கார மண்ணில் யூரியாவின் தழைச்சத்து அம்மோனியாவாக ஆவியாகிவிடும் என்பதால், அதைக் கால் பங்கு கூட்டி, பல தவணையாகப் பிரித்து இடுகிறார்கள்.

உரம் மட்டும் போதாது. களருக்கு ஜிப்சம் இட்டு, தண்ணீர் கட்டி, சோடியத்தை வடிகாலில் வெளியேற்ற வேண்டும். பிறகு தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழ வேண்டும். வடிகால் இல்லாத வயலில் இந்தச் செலவு வீண். உப்பைத் தாங்கும் கோ 43 ரகம் 1982-இலும், திருச்சி வேளாண் கல்லூரியின் டிஆர்ஒய் 1 ரகம் 1995-இலும் வெளிவந்தன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் கரையோர வயல்களில் கடல்நீர் ஏறியபோது, மழைநீரால் உப்பை வடிப்பது, ஜிப்சம், தக்கைப்பூண்டு என்ற இதே முறைகள்தாம் அந்த நிலங்களை மீட்கக் கைகொடுத்தன.