திரவத்தைத் தேர்ந்தெடுத்த ரப்பர்: சிட்ரோன் முதல் மெர்சிடிஸ் வரை ஒரு சஸ்பென்ஷன் வரலாறு

1955 அக்டோபரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் சிட்ரோன் நிறுவனம் தன் டி.எஸ். 19 காரை முதன்முதலாகக் காட்டியது. முதல் நாளிலேயே சுமார் 12,000 முன்பதிவுகள் குவிந்தன. கூட்டம் வியந்தது காரின் உருவத்தைப் பார்த்துத்தான். பொறியாளர்களின் கண் அதன் அடிப்பாகத்துக்குப் போனது. சக்கரங்களைத் தாங்க அங்கே சுருள்வில்லும் இல்லை, பட்டைவில்லும் இல்லை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் எஃகுக் கோளம் இருந்தது. கோளத்தின் நடுவே ஒரு ரப்பர் திரை. திரைக்கு ஒருபுறம் நைட்ரஜன் வாயு, மறுபுறம் ஹைட்ராலிக் திரவம்.

இதை வடிவமைத்தவர் பால் மாஜெஸ். 1925-இல் இளைஞராக சிட்ரோனில் சேர்ந்த அவர் முறையான பொறியியல் பட்டம் பெறாதவர். 1954-இல் டிராக்சியோன் அவான் வரிசையின் 15-சிக்ஸ் எச் காரில், பின் சக்கரங்களுக்கு மட்டும் இந்த ஏற்பாடு சோதித்துப் பார்க்கப்பட்டது. அடுத்த ஆண்டு டி.எஸ். காரில் நான்கு சக்கரங்களுக்கும் வந்துவிட்டது.

அந்தக் காரில் திரவம் செய்த வேலைகளை எண்ணிப் பார்த்தால்தான் அடுத்த பதினொரு ஆண்டுகளின் சிக்கல் புரியும். சக்கரத்தின் அசைவைக் கோளத்திலுள்ள வாயுவுக்குக் கடத்துவது திரவம். கோளத்தின் வாயிலுள்ள சிறு துளைகள் வழியாக நெருக்கியடித்துப் போய்வந்து குலுக்கலை அடக்குவதும் அதுவே. ஆள் ஏறினால் உயரத்தைச் சரிசெய்யும் வால்வு திறந்து, கூடுதல் திரவம் உள்ளே புகுந்து காரைப் பழைய உயரத்துக்குத் தூக்கும். பிரேக், பவர் ஸ்டீயரிங், கிளட்ச், கியர் மாற்றம் எல்லாமே அதே திரவத்தை நம்பியிருந்தன. ஏழு பிஸ்டன் கொண்ட பம்ப் ஒன்று இவ்வளவுக்கும் 150 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தைத் தந்தது. வால்வுகளின் உள்ளே உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையே இருந்த இடைவெளி சில மைக்ரான் மட்டுமே.

இத்தனை வேலைக்கும் பொருத்தமான திரவம் எது?

சிட்ரோன் முதலில் எடுத்தது தாவர எண்ணெய் அடிப்படையிலான எல்.எச்.வி. என்ற திரவம். இன்றைய கண்ணுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் அக்காலத்துப் பிரேக் திரவங்களே ஆமணக்கெண்ணெயில் ஆல்கஹால் கலந்து செய்யப்பட்டவைதாம். அந்த வழக்கத்துக்குக் காரணம் ரப்பர். கார்களின் பிரேக் சிலிண்டர்களில் இருந்தவை இயற்கை ரப்பர் சீல்கள்; பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அவை ஊதிப் பெருத்து உருக்குலையும். ஆமணக்கெண்ணெய் அவற்றைத் தொந்தரவு செய்யாது, உராய்வையும் நன்றாகக் குறைக்கும். ஆகவே திரவத்தைத் தேர்ந்தெடுத்தது சஸ்பென்ஷனின் தேவை என்று சொல்வதைவிட, சீலின் பலவீனம் என்று சொல்வதே பொருந்தும்.

சாதாரண பிரேக்கில் திரவம் ஏறத்தாழ அசையாமல் நிற்கும். டி.எஸ்.ஸில் அது ஓயாமல் சுற்றிச் சுற்றி வந்தது. சூடும் காற்றும் பட்ட தாவர எண்ணெய் நாளடைவில் பிசின் போலாகும், குளிரில் கெட்டியாகும். மைக்ரான் இடைவெளியில் ஓடும் வால்வுக்கு இவை இரண்டுமே பகை.

அடுத்து வந்தது எல்.எச்.எஸ். என்னும் சிவப்பு நிறச் செயற்கைத் திரவம். இது கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. இன்றைய டாட் 3, டாட் 4 பிரேக் திரவங்களுக்கு உறவுமுறை. பிசின் தொல்லை குறைந்தது, ஆனால் புதிய தொல்லை ஒன்று உள்ளே நுழைந்தது. கிளைக்கால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 டிகிரி. பிரேக்குக்கு இது ஆபத்து. சஸ்பென்ஷனுக்கோ கொதிநிலையைவிடத் துரு பெரிய ஆபத்து. பல வாரம் ஓடாமல் நின்ற காரில், கண்ணாடிபோல் மெருகிட்ட பிஸ்டன்களில் ஈரம் பட்டுத் துருப் புள்ளிகள் விழும். அதன்பின் அந்த உறுப்பை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. போதாக்குறைக்கு, எங்காவது கசிந்தால் காரின் பெயின்டையும் அது உரித்துவிடும்.

1966-இன் பிற்பகுதியில், 1967 மாடல் கார்களுக்காக, சிட்ரோன் எல்.எச்.எம். என்ற கனிம எண்ணெய்க்கு மாறியது. ஈரத்தை உறிஞ்சாது, துருப்பிடிக்க விடாது, தானே மசகெண்ணெயாகவும் வேலை செய்யும். விமானங்களில் கனிம ஹைட்ராலிக் எண்ணெயும் நைட்ரைல் ரப்பர் சீல்களும் அதற்கு வெகு முன்பே புழக்கத்தில் இருந்தன. அப்படியிருக்க சிட்ரோனுக்கு 11 ஆண்டுகள் பிடித்தது ஏன்? திரவத்தை மட்டும் மாற்ற முடியாது என்பதே பதிலாக இருக்க வேண்டும். கோளத்தின் திரை, குழாய் இணைப்பு, பம்ப், பிரேக் சிலிண்டர் என்று காரிலுள்ள ஒவ்வொரு ரப்பர் துண்டையும் மாற்றியாக வேண்டும். தெருவில் ஓடும் பழைய கார்களில் புதிய எண்ணெயை யாராவது ஊற்றிவிட்டால் பிரேக்கே போய்விடும். இதற்காகத்தான் எல்.எச்.எம். திரவத்துக்குப் பளிச்சென்ற பச்சை நிறம் கொடுத்து, அதில் இயங்கும் கோளங்களுக்கும் உறுப்புகளுக்கும் பச்சை பெயின்ட் அடித்தார்கள். பழைய சிவப்புத் திரவத்தின் உறுப்புகள் கறுப்பாக இருந்தன.

அமெரிக்காவில் சட்டம் குறுக்கே நின்றது. அங்கே பிரேக் திரவத்துக்கான விதிகள் கனிம எண்ணெயை ஏற்கவில்லை, எல்.எச்.எம். அந்த நாட்டில் பிரேக் திரவமாகவே கருதப்பட்டது. 1969-இல் அனுமதி கிடைக்கும்வரை அமெரிக்காவுக்குப் போன டி.எஸ். கார்கள் சிவப்புத் திரவத்தோடுதான் போயின. ஒரே ஆண்டில் செய்த இரண்டு கார்கள், பாரிஸில் பச்சை, நியூயார்க்கில் சிவப்பு. இன்றைய அமெரிக்கக் கூட்டரசின் பிரேக் திரவ விதியில் கனிம எண்ணெய்க்குத் தனிப் பிரிவே இருக்கிறது. அதற்கு விதிக்கப்பட்ட நிறமும் பச்சை.

ரோல்ஸ் ராய்ஸ் இதே பாதையை மெதுவாக நடந்தது. 1965-இல் வந்த சில்வர் ஷேடோ, சிட்ரோனின் உரிமத்தைப் பெற்று உயரம் சீரமைக்கும் ஹைட்ராலிக் அமைப்பைக் கொண்டிருந்தது. ஆனால் அதில் ஊற்றியது கிளைக்கால் வகைத் திரவம். பின்னாளில் அது ஆர்.ஆர். 363 என்ற பெயரில் தனியாகவே விற்கப்பட்டது. கனிம எண்ணெய்க்கு அந்த நிறுவனம் மாறியது 1980-இல், சில்வர் ஸ்பிரிட்டோடு. பழைய ஷேடோவில் கனிம எண்ணெயை ஊற்றினால் சீல்கள் அத்தனையும் கெடும். பானெட்டைத் திறப்பவர் எந்த ஆண்டுக் கார் என்று கேட்காமல் கேனைத் தூக்கக் கூடாது.

இதுவரை சொன்ன கார்கள் உயரத்தைத் தாமே சீரமைத்தவை. வளைவில் சாய்வதையும் பிரேக் போட்டால் முன்பக்கம் குனிவதையும் எதிர்த்துத் தள்ளவில்லை. ஆக்டிவ் சஸ்பென்ஷன் என்ற பெயருக்கு முழுத் தகுதி பெற்றவை பின்னால் வந்தன. 1983-இல் லோட்டஸ் ஃபார்முலா 1 பந்தயத்தில் அதை முயன்றது. 1992-இல் வில்லியம்ஸ் எஃப்.டபிள்யூ. 14பி அதோடு சாம்பியன் பட்டம் வென்றது; 1994 பருவத்துக்குத் தடை வந்தது. சாலைக் கார்களில் மெர்சிடிஸின் 1999 சி.எல். முக்கியமானது. ஒவ்வொரு சுருள்வில்லின் தலையிலும் ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர். சுமார் 200 பார் அழுத்தம். நொடிக்கு 5 முறை வரையிலான உடலசைவுகளை எதிர்க்கும் வேகம்.

இங்கே திரவத்திடம் கேட்கப்பட்ட கேள்வி மாறிவிட்டது. பிரேக்குக்குத் தனித் திரவம் இருந்ததால் கொதிநிலை பற்றிய கவலை விலகியது. இப்போது வேண்டியது, குளிரிலும் வெயிலிலும் ஒரே மாதிரி ஓடும் தன்மை. வால்வு திறந்த கணத்தில் திரவம் சிலிண்டருக்குள் பாயாவிட்டால், கணினி எவ்வளவு விரைவாகக் கணக்கிட்டாலும் பயனில்லை. கியர்பாக்ஸ்களுக்கான டெக்ஸ்ரான் 3 திரவம் மைனஸ் 40 டிகிரியில் 20,000 சென்டிபாய்ஸ் வரை கெட்டியாக இருக்க அனுமதி இருந்தது. மெர்சிடிஸ் பயன்படுத்திய பென்டோசின் சி.எச்.எஃப். 11எஸ் என்ற செயற்கைத் திரவம் அதே குளிரில் ஆயிரத்தை ஒட்டியே நிற்கும். விலை அதிகம் என்பதற்காக இதற்குப் பதில் கியர் திரவத்தை ஊற்றுவோர் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. இன்னொரு பொறியும் உண்டு: இதுவும் பச்சைதான். 1966-இல் நிறம் ஓர் அடையாளமாக இருந்தது. இப்போது டப்பாவின் மேல் அச்சிட்ட தர எண்ணைத்தான் படிக்க வேண்டும்.

சிட்ரோனும் கடைசியில் அதே முடிவுக்கு வந்தது. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியான சி5 காரில் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் சஸ்பென்ஷனிலிருந்து பிரிக்கப்பட்டன. உடனே எல்.எச்.எம். போய், ஆரஞ்சு நிறச் செயற்கைத் திரவமான எல்.டி.எஸ். வந்தது. இரண்டையும் கலக்கக் கூடாது. 2017-இல் சி5 உற்பத்தி முடிந்தபோது கோளங்களின் வரிசையும் முடிந்தது. திருவள்ளூர் ஆலையில் பொருத்தப்பட்டு 2021-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த சி5 ஏர்கிராஸில் பம்பும் இல்லை, கோளமும் இல்லை. ஷாக் அப்சார்பருக்குள்ளேயே கூடுதல் ஹைட்ராலிக் தடுப்புகள் வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள்.

1967-க்கு முந்தைய டி.எஸ். வைத்திருப்பவர்களுக்குப் பழைய கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. சிவப்புத் திரவத்தைத் தேடி வாங்கி, ஈரம் ஏறுவதற்குள் அடிக்கடி மாற்றி ஓட்டலாம். அல்லது அமைப்பு முழுவதையும் பிரித்துக் கழுவி, கடைசி ரப்பர் வளையம் வரை நைட்ரைலுக்கு மாற்றி, பச்சை எண்ணெய்க்குப் போகலாம். செலவு இரண்டாவதில் கூடுதல். ஆண்டில் பாதி நாள் ஷெட்டில் நிற்கும் காருக்கு அதுவே புத்திசாலித்தனம் என்று தோன்றுகிறது. எதைச் செய்தாலும், முந்தைய உரிமையாளர் என்ன ஊற்றினார் என்று பார்க்காமல் கோளத்தின் பெயின்டை மட்டும் நம்பி மூடியைத் திறப்பது கூடாது. பச்சைக் கோளங்களைப் பழைய காரிலும், கறுப்புக் கோளங்களைப் புதிய காரிலும் யாரோ ஒருவர் எப்போதோ மாற்றிப் பொருத்தியிருக்கக் கூடும்.