உறுமியும் நியூ வேவும்: 'கலா' உருவான கதை

2007 ஆகஸ்டில் வெளிவந்த 'கலா' இசைத்தொகுப்பின் முதல் பாட்டு 'பாம்பூ பாங்கா'. அதில் இரண்டு கடன்கள் இருக்கின்றன. ஒன்று, அமெரிக்காவின் மாடர்ன் லவர்ஸ் குழு 1970களில் பாடிய 'ரோட்ரன்னர்'. மற்றது, மணிரத்னத்தின் 'தளபதி' (1991) படத்துக்கு இளையராஜா இசையமைத்த போகிப் பண்டிகைப் பாட்டு 'காட்டுக்குயிலு'. மாடர்ன் லவர்ஸில் கீபோர்டு வாசித்த ஜெர்ரி ஹாரிசன் பின்னாளில் டாக்கிங் ஹெட்ஸில் சேர்ந்து, நியூ வேவ் என்ற இசை அலையின் தூண்களில் ஒருவரானார். அந்த அலையின் ஊற்றும் கோடம்பாக்கத்துப் பண்டிகைப் பாட்டும் ஒரே பாட்டுக்குள் எப்படி வந்து சேர்ந்தன? அதற்கு விடை சொல்லக்கூடியவர் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசம்.

அவர் 1975இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போனவர். தந்தை அருள்பிரகாசம் ஈழப் போராட்ட அமைப்புகளில் ஒன்றான ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். இலங்கையில் போர் முற்றியபோது தாய் கலா பிள்ளைகளோடு சிலகாலம் சென்னையில் ஒதுங்கி, 1980களின் நடுவில் அகதியாக லண்டன் திரும்பினார். கவுன்சில் வீட்டுக் குடியிருப்பில் வளர்ந்த மாதங்கி சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் படித்தது இசையல்ல, திரைப்படக் கலை.

இசைக்கு அவரைக் கொண்டுவந்தது எலாஸ்டிகா என்ற குழு. 1990களில் எழுந்த இந்த லண்டன் குழு எழுபதுகளின் இறுதி இசையில் ஊறியது. 'கனெக்ஷன்', 'வேக்கிங் அப்' ஆகிய பாட்டுகள் தங்கள் மெட்டைத் தழுவியவை என்று வயர், ஸ்ட்ராங்லர்ஸ் குழுக்களின் தரப்பு வழக்குக்குப் போக, நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. 2000இல் வந்த 'தி மெனஸ்' தொகுப்பில் ஜெர்மனியின் ட்ரியோ குழுவின் நியூ வேவ் பாட்டு 'டா டா டா'வையும் எலாஸ்டிகா பாடியது. அந்தத் தொகுப்பின் அட்டையை வடிவமைத்தவர் மாதங்கி. குழுவின் அமெரிக்கப் பயணத்தைப் படம் பிடிக்கவும் அவர் உடன் போனார். அங்கே முன்னிகழ்ச்சி நடத்திய பீச்சஸ் என்ற பாடகி ரோலண்ட் எம்.சி.505 என்ற தாளப் பெட்டியைக் காட்டினார். எலாஸ்டிகாவின் ஜஸ்டின் ஃப்ரிஷ்மனிடமிருந்து அதே கருவியைக் கடன் வாங்கி, வீட்டு அறையிலேயே பாட்டுக் கட்டத் தொடங்கினார் மாதங்கி.

அப்படிப் பிறந்ததுதான் தந்தையின் இயக்கப் பெயரைத் தாங்கிய முதல் தொகுப்பு 'அருளர்' (2005). விமர்சகர்கள் கொண்டாடினார்கள், மெர்க்குரி விருதுப் பட்டியலிலும் இடம் கிடைத்தது. ஆனால் விற்பனைப் பட்டியலில் அது மேலே ஏறவில்லை. 'சன்ஷவர்ஸ்' பாட்டில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் வந்ததால் அதன் காணொளியை எம்.டி.வி. ஒளிபரப்ப மறுத்தது. அந்தக் காணொளி படமானது தென்னிந்தியக் காட்டில்.

அடுத்த தொகுப்பான 'கலா'வை அமெரிக்காவில், டிம்பலாண்ட் போன்ற பெரிய தயாரிப்பாளர்களோடு செய்வதாகத்தான் ஏற்பாடு. 2006இல் விசா கிடைக்கவில்லை. இந்தத் தொகுப்பின் போக்கையே மாற்றியது ஒரு குடிவரவு அலுவலகத்தின் மறுப்பு என்று சொன்னால் அது மிகையாகாது. ஒரே ஸ்டுடியோவில் முடிந்திருக்க வேண்டிய வேலை இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று ஊர் ஊராக அலைந்தது. உடன் இருந்த முக்கியத் தயாரிப்பாளர் பிரிட்டனின் ஸ்விட்ச்.

அந்த அலைச்சலில் மிகுந்த பலன் தந்த ஊர் சென்னை. ஏ.ஆர். ரஹ்மானோடு சேர்ந்து இசையமைக்கும் எண்ணம் அப்போது கைகூடவில்லை. ஆனால் அவருடைய ஸ்டுடியோ கிடைத்தது. அங்கே உறுமி மேளக்காரர்கள் வந்து வாசித்தார்கள். கோயில் கொடையிலும் சாமியாட்டத்திலும் உறுமி கேட்டவர்களுக்கு அதன் குணம் தெரியும். ஒரு முகத்தைக் குச்சியால் அடிக்க, மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்க்க, தோலிலிருந்து ஓர் உறுமல் கிளம்பும். கூட்டமாக வாசித்தால் நெஞ்சுக்கூடு அதிரும். கச்சேரி மேடை ஏறாத கருவி. மலேசியத் தமிழரின் தைப்பூசக் காவடிகளில் இன்றும் அதுதான் ராஜா. 'பாய்ஸ்' பாட்டின் முதுகெலும்பு அந்த மேளம்தான். 'பேர்ட் ஃப்ளூ'வில் அதோடு கோழிக் கொக்கரிப்பும் குழந்தைகளின் கூச்சலும், 'ஜெயம்' (2003) படத்துக்கு ஆர்.பி. பட்நாயக் போட்ட திருவிழாப் பாட்டின் துணுக்கும் சேர்கின்றன.

மறுபக்கம் லண்டனில் கேட்டு வளர்ந்த இசை. '20 டாலர்' பாட்டில் நியூ ஆர்டரின் 'ப்ளூ மண்டே' பாணி பேஸ் ஓசையும் பிக்ஸீஸ் குழுவின் வரிகளும் வருகின்றன. 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் அடித்தளம் கிளாஷ் குழுவின் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' (1982). குடியேறிகளும் கைவிடப்பட்ட குழந்தைகளும் படும் பாட்டைச் சொன்ன அந்தப் பாட்டின் இசையை எடுத்து, விசாவுக்கு அலையும் ஒருத்தியின் கிண்டலை அதன்மேல் ஏற்றினார் மாதங்கி. பல்லவியில் துப்பாக்கி வெடிக்கும், கல்லாப்பெட்டி மணி அடிக்கும். பாட்டை எழுதியவர்களின் பட்டியலில் கிளாஷ் உறுப்பினர்களின் பெயர்களும் உண்டு. 'ஜிம்மி'யோ 'டிஸ்கோ டான்சர்' (1982) படத்துக்கு பப்பி லஹிரி போட்ட பாட்டின் மறுவடிவம்.

வரவேற்பு விசித்திரமாக இருந்தது. அமெரிக்கப் பட்டியலில் 18ஆம் இடம், பிரிட்டனில் 39. ரோலிங் ஸ்டோன் இதழ் 2007இன் சிறந்த தொகுப்பு என்று முடிசூட்டியது. அதே ஆண்டு டேவிட் லெட்டர்மன் நிகழ்ச்சியில் 'பேப்பர் பிளேன்ஸ்' பாடியபோது துப்பாக்கி ஓசையை மாற்றிவிட்டார்கள். அந்தப் பாட்டுக்கு உண்மையான வாழ்வு வந்தது ஓராண்டு கழித்து. 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' படத்தின் முன்னோட்டத்தில் ஒலித்த பிறகு, 2008இல் அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடம் வரை ஏறியது. கிராமி விருதின் ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவுப் பிரிவுக்கும் பரிந்துரையானது. 2009 பிப்ரவரி 8 அன்று, நிறைமாதக் கர்ப்பிணியாக, ஜே-சீ, கான்யே வெஸ்ட், லில் வெய்ன், டி.ஐ. ஆகியோரோடு கிராமி மேடையில் நின்றார் மாதங்கி.

விமர்சனங்களில் ஒரு குறை உண்டு. பலரும் 'கலா'வை நாடு நாடாகச் சுற்றிச் சேர்த்த ஓசைகளின் மூட்டையாகவே பார்த்தார்கள். உறுமி அவர்களுக்கு எங்கோ ஒரு மூலையில் அகப்பட்ட புதுச்சத்தம். தமிழ்க் காதுக்கு அது அப்படியல்ல. சிறுமியாகச் சென்னையில் இருந்தவர் இளையராஜா பாட்டை எடுப்பதும், லண்டனில் வளர்ந்தவர் கிளாஷை எடுப்பதும் ஒரே செயல்தான். இரண்டும் அவர் வீட்டுச் சொத்து. இன்னொரு குறை, தொகுப்பின் பெருமையை ஆண் தயாரிப்பாளர்களுக்கே, குறிப்பாக டிப்லோவுக்கு, எழுதிவைக்கும் பத்திரிகைப் பழக்கம். 2007இல் பேட்டியொன்றில் மாதங்கியே இதை வெளிப்படையாகக் கண்டித்தார். நியாயமான கோபம். எம்.சி.505இல் தனியாக உட்கார்ந்து தொடங்கியவர் அவர்.

சென்னையில் கைகூடாத கூட்டணி 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில் கைகூடியது. ரஹ்மானும் மாதங்கியும் சேர்ந்து எழுதிய 'ஓ... சாயா' 2009 ஆஸ்கர் பரிந்துரையில் இடம்பெற்றது. அதே படத்தில் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டும் ஒலித்தது. விருது ரஹ்மானின் இன்னொரு பாட்டான 'ஜெய் ஹோ'வுக்குப் போனது.