பாலர் பாட்டும் நாட்டுத் தலைவரும்



சிறு பிள்ளைகளுக்கு நாட்டுத் தலைவர்களைப் பாட்டின் வாயிலாக அறிமுகஞ் செய்வது பற்றி இன்று சிறிது பேசலாமென எண்ணுகிறேன். யாழ்ப்பாணத்துக் கிராமப் பாடசாலைகளில் நெடுங்காலம் தமிழ் படிப்பித்தவன் நான். ஆகையால் என் அநுபவம் ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

1970களின் முற்பகுதி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கலைவிழாவுக்கென சேர் பொன்னம்பலம் இராமநாதன் மீது எட்டடியில் நானே ஒரு பாட்டு இயற்றினேன். கற்பகதரு என்றும், கலங்கரை விளக்கு என்றும், தமிழர் தவப்பேறு என்றும் அடைமொழிகளை அடுக்கியிருந்தேன். எதுகை மோனைக்குக் குறைவில்லை. பிள்ளைகளும் ஒரு சொல் பிசகாமல் பாடமாக்கி ஒப்புவித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பொழுது பின்வாங்கில் இருந்த பெடியன் ஒருவன் எழுந்து, “சேர், இவர் என்ன செய்தவர்?” என்று கேட்டான்.

எட்டடியையும் மனத்துள் ஓட்டிப் பார்த்தேன். அவன் கேட்டதற்கு அதில் விடை இல்லை.

பாட்டில் வைத்துப் படிப்பிப்பது நம் மண்ணுக்குப் புதிதன்று. ஆத்திசூடியையும் கொன்றை வேந்தனையும் பொருள் விளங்கும் முன்னரே வாய்ப்பாடமாக்கி வளர்ந்தவர்கள் நம் முன்னோர். தெல்லிப்பழையில் 1910இல் மகாஜனக் கல்லூரியைத் தொடங்கிய பாவலர் துரையப்பாபிள்ளை, ஊர்ச் சீர்திருத்தத்தையே கும்மியாக்கி ‘யாழ்ப்பாண சுவதேசக் கும்மி’ பாடினார். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பிள்ளைப் பாடல்கள் அவர் மறைந்த பின் 1955இல் ‘சிறுவர் செந்தமிழ்’ என நூலுருப் பெற்றன. ஆடிப்பிறப்பும் கத்தரித் தோட்டத்து வெருளியும் இன்றும் நம் நெஞ்சை விட்டு அகலாதிருப்பதற்குக் காரணம், அவர் அவற்றைப் புகழாமல் கண்முன் காட்டியதுதான்.

தலைவர்களைப் பாடும்போது மட்டும் நாம் காட்டுவதை விட்டுப் புகழத் தொடங்கிவிடுகிறோம். என் பாட்டின் பிழையும் அதுவே.

அன்றிரவு பாரதியாரை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். திலகர், லாலா லஜபதிராய், காந்தி எனப் பலரை அவர் பாடியிருக்கிறார். நேரே புகழும் பாட்டுகளும் அவற்றுள் உண்டு. ஆயினும் வ. உ. சிதம்பரம் பிள்ளையைப் பற்றிய பாடல்களில் அவர் கையாண்ட உத்தியைப் பாருங்கள். கலெக்டர் விஞ்சு பிள்ளையிடம் பேசுவதாக ஒரு பாட்டு. பிள்ளை அவனுக்கு மறுமொழி கூறுவதாக இன்னொன்று. இத்தாலி நாட்டு மாஜினியை எடுத்துக்கொண்டபோதும் அவன் சபதம் செய்வதையே பாட்டாக்கினார். தலைவனைப் பேசவும் செய்யவும் விட்டுவிட்டால் அடைமொழிக்குத் தேவை குறைந்துவிடுகிறது.

மறுநாள் என் பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கதை சொன்னேன். 1915இல் நாட்டில் இனக்கலவரம் மூண்டது. ஆங்கில அரசு இராணுவச் சட்டம் பிறப்பித்தது. சிங்களத் தலைவர்கள் பலர் சிறையிலிடப்பட்டனர். இராமநாதன் அப்பொழுது அறுபது வயதைக் கடந்தவர். முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், ஆபத்தான கடலிலே கப்பலேறி, இங்கிலாந்து சென்று நீதி கேட்டார். அவர் மீண்டு கொழும்புக்கு வந்தபோது சிங்கள மக்கள் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே அவரை இழுத்துச் சென்றனர்.

வகுப்பு மூச்சுக் காட்டவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு சிறுமி கும்மி மெட்டில் நாலு வரி எழுதி வந்தாள்.

குதிரை யில்லா வண்டியடி – அதைக்
கூடி இழுத்தார் பாருங்கடி
கடலைக் கடந்து வந்தவர்க்குக்
கைதான் குதிரை ஆனதடி!

கலைவிழாவில் என் எட்டடி அரங்கேறவில்லை. அந்த நாலு வரிக்குத்தான் பிள்ளைகள் கும்மி கொட்டினார்கள்.

நேயர்களே, இத்துடன் நிறுத்தினால் நான் பாதி உண்மையையே சொன்னவனாவேன். 1915 கலவரத்தில் தாக்குதலுக்கு ஆளானவர்கள் முஸ்லிம் மக்கள். அவர்கள் கடைகளும் வீடுகளும் பட்ட பாடு அந்த வண்டிக் காட்சியில் இல்லை. அதே இராமநாதன், 1928இல் டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைச் சிபாரிசு செய்தபோது அதனை எதிர்த்து நின்றவர். ஐந்தாம் வகுப்பில் கும்மி பாடிய பிள்ளைகளுக்கு நான் இவற்றைச் சொல்லவில்லை. அவர்களுட் சிலர் பின்னர் மேல்வகுப்பில் என்னிடமே படிக்க வந்தபோது சொன்னேன். ஒருத்தி முகம் சுருங்கி, “அப்ப நாங்கள் பாடினது பொய்யா சேர்?” என்றாள். “பொய் இல்லைப் பிள்ளை. அது முதற் பாடம், இது இரண்டாவது” என்றேன்.

பாட்டின் பலமும் பலவீனமும் இங்கேதான் இருக்கின்றன. ஐந்து வயதில் நாவில் ஏறிய பாட்டு எழுபது வயதிலும் இறங்குவதில்லை. எனவே வெறும் புகழ்ச்சியை ஏற்றிவிட்டால் அதுவே வாழ்நாள் முழுவதும் நின்றுவிடும். ஒரு செயலை ஏற்றிவிட்டால், அதைப் பற்றிப் பிள்ளை வளர்ந்தபின் கேள்வி கேட்கலாம்; மிச்சக் கதையைத் தேடிப் படிக்கலாம்.

1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியும், 1921இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியும் அவர் நிறுவியவை. பின்னையதன் வளவிலேதான் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அவ்வழியே போகும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெடியனின் நினைவு வரும். பிள்ளைகளுக்குப் பாட்டெழுதும் அன்பர்கள் எழுதி முடித்ததும் அவன் கேட்ட கேள்வியைத் தம் பாட்டிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்: இவர் என்ன செய்தவர்?