மணலில் தொடங்கிய கல்வி

ஏப்ரல் திங்கள் பிறந்தால் தலைநகரில் வாழும் நம் வீடுகளில் ஒரு சிறு திருவிழா நடைபெறும். புதிய வகுப்புக்குரிய நூல்கள் வந்து இறங்கும். அவற்றுக்குப் பழுப்புத் தாளில் உறையிட்டுப் பெயர்ச்சீட்டு ஒட்டும் பணி, கோப்புகளைக் கட்டிப் பழகிய என் போன்ற எழுத்தர்க்கே உரியது. இவ்வாண்டு முதல் வகுப்புக்குச் செல்லும் என் மகள் அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்பா, உங்க தாத்தா ஒண்ணாங் கிளாஸ்ல எத்தனை புக் படிச்சாங்க?" என்று கேட்டாள். "ஒண்ணுகூடக் கிடையாதும்மா. மணல்லதான் எழுதிப் படிச்சாங்க" என்றேன். அவள் நம்பவில்லை. அவளுக்கு விடை கூறுவதற்காகத் தேடியதும், இளமையில் என் பாட்டனார் வாய்மொழியாகக் கேட்டதுமே இக்கட்டுரையாக விரிந்தன.

என் பாட்டனார் கல்வி கற்றது 1920-களில், தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் திண்ணைப் பள்ளிக்கூடத்தில். அங்கே பள்ளி ஆண்டு என்பது ஏப்ரலிலோ ஜூனிலோ தொடங்கியதன்று, விஜயதசமியன்று தொடங்கியது. ஐந்து அகவை நிரம்பிய பிள்ளையை மடியில் இருத்தி, தட்டில் பரப்பிய அரிசியில் அவன் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதுவிப்பர். மறுநாள் முதல் அரிசிக்குப் பதிலாக மணல். திண்ணையின் தரையில் மணலைப் பரப்பி, ஆசிரியர் எழுதிக் காட்டிய எழுத்தின் மீதே மாணவன் தன் விரலை மீண்டும் மீண்டும் ஓட்ட வேண்டும். எழுதும் போதே அவ்வெழுத்தை உரக்கச் சொல்லவும் வேண்டும். கை, கண், வாய், செவி ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் ஒரே எழுத்தைக் கற்றன. உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமுமாக 247 எழுத்தும் கைக்கு வந்த பின்னரே பனையோலையும் எழுத்தாணியும் அவன் கையில் தரப்பட்டன.

எழுத்துக்குப் பின் ஒளவையாரின் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும். இவை அகரவரிசையில் அமைந்தமையால், அறநூலாக மட்டுமன்றி எழுத்து வரிசையை நினைவில் நிறுத்தும் கருவியாகவும் பயன்பட்டன. மாலையில் வீடு திரும்புமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஓர் ஊரின் பெயர் எனச் சில சொற்களை ஆசிரியர் சொல்லி அனுப்புவார். இரவெல்லாம் மறவாது வைத்திருந்து மறுநாட் காலையில் அவற்றை ஒப்புவித்தல் வேண்டும். தாளும் மையும் இன்றி நினைவாற்றலை வளர்த்த இவ்வழக்கம் எண்ணி எண்ணி வியத்தற்குரியது.

இனி, கணக்கு. எண்சுவடி என்னும் வாய்பாட்டு நூலே அக்காலப் பிள்ளைக்கு அச்சமும் பெருமையும் தந்தது. முழு எண்களோடு அது நிற்கவில்லை. முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி. இரண்டு அரைக்காணி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். இவ்வாறு பின்னங்களை ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பாட்டுப் போல் ஒப்புவித்தனர். முகத்தலளவையும் அவ்வாறே. 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு படி. பெருக்கிப் பார்த்தால் ஒரு படிக்கு 14,400 நெல்மணி வரும். எட்டுப் படி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம்.

இவ்வளவு நுண்மையான பின்னங்கள் சிறு பிள்ளைக்கு எதற்கு என்று நமக்குத் தோன்றலாம். இருபது மா கொண்டது ஒரு வேலி நிலம். எனவே மா என்பது பின்னமாகவும் இருந்தது, அவன் தந்தை உழுத நிலமாகவும் இருந்தது. ரூபாயில் பதினாறில் ஒரு பங்காகிய வீசம் அவன் கையிலிருந்த ஓரணாக் காசு. களத்துமேட்டில் நெல் அளக்கும்போது பிழையாக அளந்தால் பிடித்துக் காட்டும் திறம் பத்து வயதிற்குள் அவனுக்கு வாய்த்தது. பள்ளிக்கும் ஊருக்கும் இடையே சுவர் இல்லை, திண்ணைதான் இருந்தது.

ஓராசிரியர் பல அகவைப் பிள்ளைகளை எங்ஙனம் மேய்த்தார்? அதற்கு விடை சட்டாம்பிள்ளை. முன்னே கற்ற மாணவன் பின்னே வந்தவனுக்குக் கற்பித்தான். இம்முறை கடல் கடந்த வரலாறு சுவையானது. எழும்பூரில் இருந்த படைவீரர் ஆதரவற்ற ஆண்பிள்ளைகள் இல்லத்தின் பொறுப்பை 1789-இல் ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியிலும் புகுத்த முயன்றார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எனவே ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயது மாணவனிடமே எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். அவன் வெற்றி கண்டான். 1797-இல் பெல் இலண்டனில் இதனை நூலாக வெளியிட, 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் பள்ளிகளில் பரவிற்று. ஸ்காட்லாந்தில் அவர் விட்டுச் சென்ற செல்வத்தால் எழுந்த பள்ளி இன்றும் மதராஸ் கல்லூரி என்றே வழங்குகிறது. மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையைத் தம் கண்டுபிடிப்பாகவே பெல் கருதினார். ஆனால் பல்லாரி ஆட்சியராக இருந்த கேம்பல் 1823-இல் எழுதிய அறிக்கையில், நாட்டுப் பள்ளிகளின் இம்முறை போற்றத்தக்கது என்றும், இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தகும் என்றும் குறித்தார்.

அவ்வறிக்கை எழுந்த காரணமும் அறியத்தக்கது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் மாவட்டந்தோறும் பள்ளிக் கணக்கு எடுக்க ஆணையிட்டார். தமிழ், தெலுங்கு, கன்னட, மலையாளப் பகுதிகள் அடங்கிய அம்மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தமை 1826-இல் அவர் எழுதிய குறிப்பால் தெரிகிறது. இவ்வாவணங்களைத் தரம்பால் தொகுத்து 1983-இல் நூலாக வெளியிட்டார்.

பழமையைப் போற்றுவோர் அக்கணக்கின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. அந்த 1,88,650 பேரில் பெண்பிள்ளைகள் 4,540 பேரே. தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மக்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகள் மூடியே கிடந்தன. பிரம்பும் ஓய்ந்ததில்லை. முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர். இரண்டாவதாக வந்தவனுக்குச் சுழி. மூன்றாமவனுக்கு ஓர் அடி. அடுத்தடுத்து வருவோர்க்கு அடி ஒவ்வொன்றாகக் கூடும் என்று கேம்பல் அறிக்கை கூறுகிறது. பொருள் விளங்காமல் நெட்டுருப் பண்ணியவையும் பல. என் மகள் அன்று பிறந்திருந்தால் எண்சுவடியைத் திண்ணைக்கு வெளியே நின்றுதான் கேட்டிருப்பாள் என்பதை நினைக்கையில், இன்றைய வகுப்பறையின் அருமை எனக்கு விளங்குகிறது.

திண்ணைப் பள்ளி ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. அரசின் உதவித்தொகையும், அதனோடு வந்த பாடத்திட்டமும் தேர்வும் அதனைச் சிறிது சிறிதாக மாற்றின. 1957 ஏப்ரல் 1 அன்று நூறு காசு கொண்ட ரூபாய் வந்தது; மெட்ரிக் அளவைகளும் தொடர்ந்தன. வீசத்துக்கும் மாகாணிக்கும் கடைத்தெருவில் வேலை போயிற்று. பயன் போனபின் வாய்பாடு எங்ஙனம் நிற்கும்? எழுத்தும் மாறிற்று. பெரியார் 1935-இல் தம் குடி அரசு இதழில் கையாண்ட சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978-இல் ஏற்றது. அதனால் ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகள் இன்றைய வடிவம் பெற்றன. பின்னர்ப் படித்த நான் புதிய வடிவையே பள்ளியில் கற்றேன்; பழைய வடிவை என் பாட்டனார் கடிதங்களே எனக்குக் கற்பித்தன.

ஊரை விட்டு வந்த நமக்கு இவ்வரலாற்றால் ஆவது என்ன? நம் பிள்ளைகள் பலர்க்குப் பள்ளியில் தமிழ் இல்லை. நூல் இல்லை, ஆசிரியர் இல்லை, நேரம் இல்லை என்று நாமும் கூறி வருகிறோம். மணலும் குரலும் மூத்த பிள்ளையும் இருந்தால் எழுத்தறிவு வளரும் என்பதைத் திண்ணைப் பள்ளி காட்டிச் சென்றது. நம் குடியிருப்புகளில் திண்ணை இல்லை. ஆனால் மூத்த பிள்ளை இருக்கிறான்.

எங்கள் வீட்டில் ஏழாம் வகுப்பில் பயிலும் மகனைச் சட்டாம்பிள்ளை ஆக்கினேன். பிரம்பு மட்டும் கொடுக்கவில்லை. தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி, நாளுக்கு இரண்டெழுத்தாகத் தங்கைக்கு எழுதிக் காட்டினான். இரவில் படுக்குமுன் ஒரு பூ, ஒரு பறவை, ஓர் ஊர்ப் பெயரை நான் சொல்லி வைத்தேன். தில்லிப் பூங்காவில் பறக்கும் பறவைக்கு மைனா என்றும், அத்தை வாழும் ஊருக்கு மன்னார்குடி என்றும் அவள் காலையில் ஒப்புவித்தாள்.

சென்ற வாரம் பாட்டனாரின் பழைய உள்நாட்டுக் கடிதம் ஒன்றை அவள் முன் வைத்தேன். எழுத்தெழுத்தாகக் கூட்டி, "பாட்டிக்கு இப்போது தேவ..." என்று வந்தவள் நின்றுவிட்டாள். தும்பிக்கை தூக்கிய பழைய 'லை' அங்கே நின்றது. நான் வாய் திறக்கவில்லை. "அது 'லை'தான். யானை மாதிரி அந்தக் காலத்து 'லை'" என்றான் அண்ணன். "தேவலை" என்று முடித்தாள் அவள். முப்பது ஆண்டுகளுக்கு முன் தஞ்சையிலிருந்து புறப்பட்ட செய்தி, அன்றுதான் அவளை வந்தடைந்தது.